அழித்த கோப்புகளின் பெயர்கள்

‘கீச்’சென்று கணினி கத்துகிறது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போன மகனை நினைத்து உட்கார்ந்திருந்த தாய்க்குத் தூக்கிவாரிப் போடுகிறது. “பயப்படாதீங்கம்மா, தேடி முடிச்சிடுச்சு” என்கிறாள் கணினித் தடயங்களை ஆராயும் பெண், ஆறிப்போன காபியை ஓரம் தள்ளியபடி. கிளம்பிய காலையில் மகன் தன் கணினியிலிருந்த கோப்புகளை அழித்து, அதன் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறான். அதைக் கேட்டதிலிருந்து தாய்க்கு ஒரே எண்ணம்தான். எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளப் போகிறவன்தானே இப்படித் துடைத்து வைப்பான்? “கோப்புக்குள்ள இருந்தது போயிடுச்சு. ஆனா எதை அழிச்சாலும் அதோட பேரை அந்தத் தொட்டி தனியா குறிச்சு வெச்சுக்கும். அந்தக் குறிப்பை மீட்டுட்டேன்” என்று திரையைத் திருப்புகிறாள் அந்தப் பெண். ஜன்னல் வெயில் பட்டுத் திரை கண்ணைக் கூசச் செய்கிறது. தாய் ஒரு கையால் வெளிச்சத்தை மறைத்து, மறு கையின் விரலை எழுத்தின்மேல் ஓட்டி, வாய்விட்டுப் படிக்கிறாள். அறை வாடகை ஒப்பந்தம். சட்டை இஸ்திரி போடும் முறை. முட்டை வேகவைப்பது எப்படி. விரல் அங்கேயே நின்றுவிடுகிறது. வருவது சிரிப்பா அழுகையா, அவளுக்கே தெரியவில்லை. “அடுப்பு பத்தவைக்கவே நடுங்குவான்மா அவன்... சாகப் போறவன் எதுக்கு முட்டை வேகவைக்கக் கத்துக்கிறான்?”