பனிக்கு ரெண்டு மார்க்

"பத்துக்கு ரெண்டு" என்றாள் அம்மா. மடியில் எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள்கள் இருந்தன. ஆனால் அவள் போட்ட மதிப்பெண் அந்தத் தாள்களுக்கு இல்லை, அண்ணன் கைபேசியைப் பார்த்து உரக்க வாசித்த வரிக்கு.

கிரிக்கெட் இறுதிப் போட்டியில் எதிரணி கோப்பையைக் கோட்டைவிட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த அணியின் நிர்வாகம் நாளுக்கொரு அறிக்கையாக விட்டுக்கொண்டிருந்தது. முதல் அறிக்கையில் பனி வந்தது. பந்து ஈரமாகிக் கையில் நிற்கவில்லையாம்.

"நோட்டு மழையில நனைஞ்சிடுச்சுன்னு என் கிளாஸ் பிள்ளைங்களும் சொல்லும். ஆனா நனைஞ்ச நோட்டையாவது கொண்டுவந்து காட்டும்" என்றாள் அம்மா. இருபது வருடமாகச் சாக்குப்போக்குகளைக் கேட்டுப் பழுத்த காது அது. பனிக்கு ரெண்டு மார்க் போட்டதே கருணை என்றாள்.

கூடத்து மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த மகள் தலை நிமிரவில்லை. அவளுடைய அறை மின்விசிறியை அண்ணன் நேற்றே கழற்றிப் போட்டிருந்தான். ஊருக்கெல்லாம் மின்சார வேலை பார்க்கிறவனுக்கு வீட்டு விசிறியைத் திரும்ப மாட்ட நேரமில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கச்சேரிக்கு நடுவில் வந்து மாட்டிக்கொண்டாள்.

அவளுக்கு வேலை கிடைத்து ஆறு மாதம் ஆகப்போகிறது. மற்றவர்களுக்காகக் கடிதமும் அறிவிப்பும் எழுதிக் கொடுக்கும் நிறுவனம். யாருக்காக எழுதுகிறோம் என்று வீட்டில்கூட வாய் திறக்கக் கூடாது. 'சொன்னதைச் செய்ய முடியாத ஓர் இடம், நம்பியிருந்தவங்களுக்குச் சமாதானம் சொல்லணும்' என்ற அளவில்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

ஏற்கெனவே எழுதியது எதுவும் எடுபடவில்லை. இன்று பதினொரு மணிக்குள் உருப்படியாக ஒன்று வராவிட்டால் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வரவேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். மணி பத்தே கால்.

அண்ணன் இரண்டாவது அறிக்கைக்குப் போனான். மைதான விளக்கு வீரர்களின் கண்ணைக் கூச வைத்ததாம். அவன் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் எழுந்து நின்றே பேசினான். ஒரே விளக்குதானே இரண்டு அணிக்கும், நம் ஆட்கள் என்ன கண்ணை மூடிக்கொண்டா அடித்தார்கள் என்று கேட்டான்.

மூன்றாவது, பயணக் களைப்பு. அதுவரை செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த அப்பா அதை மடித்து வைத்தார். நெடுந்தூரப் பேருந்து ஓட்டுகிறவர்.

"ஓட்டுறவன் ஒருத்தன். சாஞ்சு தூங்கிட்டு வந்தவங்க இவங்க. களைப்பு மட்டும் இவங்களுக்காம்."

அம்மா சிரித்த சிரிப்பில் ஒரு தாளில் சிவப்புக் கோடு நீளமாக இழுபட்டுவிட்டது. இன்றைக்கு நாலாவது அறிக்கை வரும், பந்து உருண்டையாக இருந்ததுதான் பிரச்சினை என்று சொன்னாலும் சொல்வார்கள் என்றான் அண்ணன்.

மகள் நாலு வரி எழுதினாள். படித்துப் பார்த்தாள். நாலையும் அழித்தாள்.

"அம்மா, என்னதான் சொன்னா நீ நம்புவே?"

அண்ணன் கைபேசியை இறக்கிவிட்டு, "மூணாவது அம்பயர் பேசிடுச்சு" என்றான். அது அவன் தங்கைக்கு வைத்த பெயர். எந்நேரமும் அறைக்குள் திரையைப் பார்த்தபடி இருப்பாள், யாராவது கேட்டால் மட்டும் ஒரு வார்த்தை சொல்வாள். கிரிக்கெட் பேச்சில் அவள் மூக்கை நுழைத்து யாரும் பார்த்ததில்லை.

"ஆபீஸ் விஷயமா?" என்றாள் அம்மா.

"ம்."

அம்மா பேனாவை மூடினாள். வகுப்பில் ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் வயிற்றுவலி, தலைவலி, விருந்தாளி என்று வரிசை கட்டிக்கொண்டு வருவார்கள், எல்லாரையும் வாங்கு வாங்கு என்று வாங்குவேன் என்றாள்.

"ஆனா ஒரு பொண்ணு வந்து, 'நான் படிக்கல டீச்சர்'னு நேரா சொல்லுச்சு. எனக்குத் திட்டவே வாய் வரல. பக்கத்துல உட்கார வெச்சு மறுபடியும் சொல்லிக் கொடுத்தேன்."

அண்ணன் அடுத்த கேலியை ஆரம்பித்துவிட்டான். மகள் திரைப் பக்கம் திரும்பினாள். பத்து நிமிடம் தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். முடித்தபோது திரையில் மூன்றே வரிகள் இருந்தன. அழிக்க மனம் வரவில்லை, அனுப்பத் தைரியமும் வரவில்லை. விரலை விசையின்மேல் வைத்தாள், எடுத்தாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டாள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவளுடைய கைபேசி அடித்தது. மேலாளர். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே, நாலாவது அறிக்கை வந்துவிட்டதா என்று அண்ணன் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"வண்டியில இருக்கேன், திறந்து பார்க்க முடியல. என்னம்மா எழுதியிருக்கே?"

இதுவரை அவர் சொன்னதை மீறி அவள் ஒரு வரி எழுதியதில்லை.

"காரணம் ஒண்ணும் இல்ல சார், நம்ம டீம் சரியா ஆடலைன்னு எழுதியிருக்கேன்."