பரீட்சை வீட்டுக்கு வந்த அத்தை

செருப்பைக் கழற்றிய கையோடு, டி.வி. மேல் போர்த்தியிருந்த போர்வையை உருவிப் போட்டாள் அத்தை.

"என்னடா இது, எழவு வீடு மாதிரி இருக்கு? ரிமோட் எங்க?"

அம்மாவுக்குப் பகீர் என்றது. மகள் படித்துக்கொண்டிருந்த அறையின் கதவைப் பார்த்தாள்.

"அண்ணி, மெதுவா! பாப்பாவுக்குத் திங்கக்கிழமை பரீட்சை ஆரம்பம்."

"தெரியும்" என்றபடி சத்தத்தைக் கூட்டினாள் அத்தை.

அந்த வீட்டில் ஒரு மாதமாக அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கியாயிற்று. விசிலடிக்கும் என்று குக்கர் பரணுக்குப் போய்விட்டது. டிக் டிக் என்கிறதாம், சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றியாகிவிட்டது. மகளின் போன் அம்மாவின் பீரோவுக்குள். அப்பாவுக்குத் தும்மல் வந்தால் மாடிப்படிக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவார்.

எல்லாம் அம்மாவின் ஏற்பாடு. அவள் மட்டும் சும்மா இருந்தாளா, பாவம்! ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தாள்.

இத்தனை செய்தும், மாதிரிப் பரீட்சையில் கணக்குப் பேப்பரைப் பாதி எழுதாமலே கொடுத்துவிட்டு வந்தாள் மகள். "எல்லாம் தெரியும்மா. ஆனா கை ஓடல" என்றாள். அன்றிலிருந்து சாப்பாடும் சரியாக இறங்கவில்லை.

வீட்டில் இன்னும் எந்தச் சத்தத்தைக் குறைக்கலாம் என்று அம்மா தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான், அப்பாவின் அக்கா இப்படிப் பெட்டியோடு வந்து இறங்கியிருக்கிறாள்.

"தையல் கடை என்னாச்சுக்கா?" என்று கேட்டார் அப்பா.

"பூட்டிட்டேன்."

"இந்த சீசன்லயா? தலைக்கு மேல வேலை இருக்கும்னு சொல்வியே!"

"ஏன், நான் நாலு நாள் ரெஸ்ட் எடுக்கக் கூடாதா?"

மறுநாள் காலையில் பரணிலிருந்த குக்கர் கீழே இறங்கியது. அது அடித்த விசில் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அடுத்து கடிகாரம். "மணி என்னன்னே தெரியாம என்ன குடும்பம் நடத்துறீங்க?" என்று தம்பியிடம் ஒரு சண்டை. மத்தியானம் டி.வி. முன்னால் உட்கார்ந்தவள், அதை அலறவிட்டுவிட்டு வாயைப் பிளந்து தூங்கினாள்.

சாயங்காலம் சமையலறையிலிருந்து ஒரு கூப்பாடு.

"அடியே வாலு! இங்க வந்து இந்த வெங்காயத்தை உரி."

"அண்ணி, அவ படிக்கிறா!"

"வெங்காயம் உரிச்சா படிச்சதெல்லாம் மறந்துடுமா? நீ சும்மா இரும்மா."

மகள் வந்தாள். உரித்தாள். அத்தையும் மருமகளும் கண்ணீரும் மூக்குமாக உட்கார்ந்துகொண்டு எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க அக்கா வேணும்னே பண்றாங்க" என்று அப்பாவிடம் பொருமினாள். "பிள்ளையோட படிப்புல மண்ணள்ளிப் போடத்தான் வந்திருக்காங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அப்பா தும்முவதற்காக மாடிப்படிக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவே சொல்லிவிட்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க அண்ணி. பரீட்சை முடியட்டும். அப்புறமா வந்து எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. இப்ப மட்டும்..."

ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிற அத்தை, அன்றைக்குச் சண்டைக்கு வரவில்லை. எழுந்து டி.வி.யை நிறுத்தினாள். கொடியில் கிடந்த புடவையை எடுத்து மடித்தாள்.

"நீ சொல்றதும் நியாயம்தாம்மா. நான் கொஞ்சம் சத்தக்காரிதான்" என்று சிரித்தாள். அம்மாவுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் மகளை நினைத்து மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

வீடு பழையபடி அடங்கிப்போயிற்று. அடுத்த நிமிஷம் அறைக் கதவு திறந்தது.

"டி.வி.யை யாரும்மா நிறுத்தினது?"

"அத்தை கிளம்புறாங்க பாப்பா. நீ போய் நிம்மதியாப் படி. இனிமே ஒரு சத்தமும் வராது."

மகள் பெட்டியைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"வாலு, ஒண்ணும் பேசாதே. உள்ள போ" என்று அவசரமாகச் சொன்னாள் அத்தை.

"இல்லத்தை, சொல்லத்தான் போறேன். அம்மா, அத்தை போக வேண்டாம்."

"இவங்க இருந்தா நீ எப்படிடி படிப்பே?"

"இவங்க வந்த பிறகுதாம்மா படிக்கவே முடியுது! நீங்க எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எனக்காகவே உட்கார்ந்திருந்தா, எனக்குப் புத்தகத்தைத் தொடவே பயமா இருக்கும்மா. எல்லாரும் சேர்ந்து நான் தோத்துடுவேனான்னு பார்த்துக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு."

அம்மா அத்தையின் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா... அப்போ அத்தை?"

"அவங்களா ஒண்ணும் வரலம்மா. கணக்குப் பரீட்சையைப் பாதியில விட்டுட்டு வந்தேனே, அன்னிக்கே ஸ்கூல் போன்ல இருந்து அழுதுக்கிட்டே கூப்பிட்டேன். 'அத்தை, எங்க வீட்டுக்கு வந்து கொஞ்சம் சத்தம் போடுறீங்களா'ன்னு."