ஏழாம் இருக்கை

நெரிசலில் நின்றிருந்த பெண், தன் கைக்குழந்தையை எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத செண்பகவல்லியின் மடியில் கொடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும், ஓட்டுநரில்லாத அந்தப் பேருந்து சந்தைப் பக்கம் போகாமல் ஆஸ்பத்திரிச் சாலையில் திரும்பியது.

"ஏழாம் இருக்கையில் இதயத்துடிப்பு சரியில்லை" என்றது பேருந்து.

எல்லாரும் செண்பகவல்லியைப் பார்த்தார்கள். "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றவள், சட்டென்று மடியைப் பார்த்தாள். குழந்தை அயர்ந்து தூங்கியது.

தாய் பதறிப்போய்க் கை நீட்டினாள்.

"வேணாம்மா, தூக்காத. இந்த சீட்டு புள்ளயோட நெஞ்சக் கேட்டுக்கிட்டிருக்கு. நீ என் தோளப் புடிச்சுக்க."

வழியெங்கும் வண்டிகள் தாமாக ஒதுங்கின. சிக்னல்கள் ஒவ்வொன்றாய்ப் பச்சைக்கு மாறின. சந்தைக்குப் போகவேண்டியவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. தன் துடிப்பு அந்தச் சின்னத் துடிப்பை மறைத்துவிடக் கூடாதே என்று செண்பகவல்லி மூச்சை அடக்கிக்கொண்டாள்.