பின்சீட்டு நீதிபதி

“நைனா தூங்கறாரு, மெதுவா பேசு,” என்றான் பூவராகவன். ரேணிகுண்டா விமான நிலையத்தை விட்டு வண்டி கிளம்பியதிலிருந்து அதிகச் சத்தம் போட்டவன் அவன்தான்.

முன்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்ரீஹரி பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்சீட்டில் போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தவர் பூவராகவனின் அப்பா செங்கல்வராயன். சித்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர். ஹைதராபாத்தில் மூத்த மகள் வீட்டுக்குப் போய்விட்டுக் காலை விமானத்தில் திரும்பியிருந்தார்.

இளைய மகள் காஞ்சனாவை இன்னொரு இடத்திலிருந்து நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள், தன்னை விரும்பும் அவளைத் தனக்குப் பெண் கேட்டுவிட வேண்டும் என்றுதான் ஸ்ரீஹரி இந்த வண்டியில் ஏறியிருந்தான். ஆனால், வாயைத் திறந்தால் விமானம்தான் வந்தது.

இருவரும் ஒரே பள்ளியில் விமானம் ஓட்டப் பழகியவர்கள். இப்போது போட்டிக் கம்பெனிகளில் கேப்டன்கள். ஸ்ரீஹரியின் பல்லவி ஏர், வெளிநாட்டிலிருந்து பெரிய விமானங்களாக வாங்கிக் குவித்தது. பூவராகவனின் விஹங்கா ஏர், நம் நாட்டிலேயே செய்த குட்டி விமானங்களை வாங்கிச் சின்னச் சின்ன ஊர்களுக்கு விட்டது. போட்டிக் கம்பெனிக்காரனை வீட்டுக்குள் விட முடியாது என்று பூவராகவன் பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் சொல்லிக்கொண்டிருந்தான்.

“வெளிநாட்டுக்காரன் ஒரு ஸ்க்ரூ அனுப்பலன்னா, உங்க பிளேன் ஷெட்டுலயே குந்திக்கினு இருக்கும்டா.”

“குந்தினாலும் கௌரவமா குந்தும். உங்க பிளேன்ல போனா, எறங்கி வூட்டுக்கு வந்தப்புறமும் காதுல வண்டு கத்துது.”

பின்னாலிருந்து ஓர் இருமல் வந்தது.

ஸ்ரீஹரி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். மாமா விழித்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். சொந்த மண்ணில் விளைந்த மாம்பழத்தை விற்பவர் முன்னால் சொந்த நாட்டு விமானத்தை மட்டம் தட்டிவிட்டோமே என்று தோன்றியது. உடனே குரலை இறக்கி, உள்நாட்டு விமானத்திலும் ஓர் அழகு இருக்கிறது என்றான். ஓர் அழகுதானா என்று பூவராகவன் அதற்கும் சண்டைக்கு வந்தான்.

சந்திரகிரியில் டீ குடிக்க இறங்கினார்கள். மாமாவை எழுப்ப மனம் வரவில்லை. வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, சூடான போண்டாவைக் கடித்தபடி, யார் கம்பெனி அதிகத் தாமதம், யார் கம்பெனி அதிகப் பெட்டிகளைத் தொலைக்கிறது என்று மாறி மாறிப் போட்டு உடைத்தார்கள். நீங்கள் இருவரும் மாமன் மச்சானா என்று கடைக்காரர் தெலுங்கில் கேட்டார். பூவராகவன் இல்லை என்றான். ஸ்ரீஹரி டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

திரும்ப ஏறியதும் பூவராகவன் பழக்கதோஷத்தில், பயணிகள் உட்கார்ந்தாயிற்றா என்று விமானத்தில் கேட்பதைப்போல, “கேபின் ரெடியா?” என்றான்.

“ரெடி,” என்றான் ஸ்ரீஹரி, அவனும் பழக்கதோஷத்தில், ரோட்டைப் பார்த்தபடி.

காணிப்பாக்கத்துக்குச் சாலை பிரியும் இடத்தில் பூவராகவன் வண்டியை ஓரம் கட்டினான். எந்த விமானம் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று போனில் காட்டியே ஆக வேண்டுமாம். ஸ்ரீஹரி தன் போனில் வேறொன்றைக் காட்டினான். இவர்கள் காட்டி முடிப்பதற்குள் சித்தூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

அரை மணி நேரம் கழித்து மறுபடி கிளம்பியபோது ஸ்ரீஹரி மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தான். போர்வையின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. இருமல்கூட இல்லை. சித்தூரோ நெருங்கிவிட்டது. இனி ஒத்திப்போட முடியாது.

முகம் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் இருப்பவர்களிடம் பேசுவது அவனுக்குத் தினசரி வேலைதான். முன்கண்ணாடியைப் பார்த்தபடியே தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“மாமா, நான் ஹரி பேசறேன். பெரிய பிளேன், சின்ன பிளேன், அதெல்லாம் உட்டுடுங்க. காஞ்சனாவை எனக்குக் குடுங்க. மாசத்துல பாதி நாளு மேலதான் இருப்பேன். ஆனா, உங்க வூட்டு ஆளுங்கள கண்ணுக்குள்ள வச்சிப் பாத்துக்குவேன்.”

பின்சீட்டிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

ஒரு பாலம் போனது, ஒரு பெட்ரோல் பங்க் போனது. கடைசியில் பூவராகவன் தணிந்த குரலில், “நைனா பேசலன்னா புடிக்கலன்னு அர்த்தம்டா,” என்றான். அந்தக் குரலில் வருத்தம் இருந்தது ஸ்ரீஹரிக்கு ஆச்சரியமாக இருந்தது.

இவ்வளவு நாகரிகமாகக்கூட ஒருவர் மறுக்க முடியுமா என்று நினைத்துக்கொண்டான். காஞ்சனாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. வண்டி வீட்டு வாசலில் நின்றபோது அவள் கேட்டருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு இன்னும் தெரியாது.

தோற்றாலும் மரியாதை குறையக் கூடாது. ஸ்ரீஹரி இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டு, “வீடு வந்திடுச்சு, எறங்குங்க மாமா,” என்றான்.

“நான் சந்திரகிரிலயே எறங்கிட்டேன்பா,” என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே செங்கல்வராயன் வெளியே வந்தார்.

“உங்க கச்சேரி தாங்காம பஸ்ஸப் புடிச்சி வந்துட்டேன். காஞ்சனா எல்லாத்தையும் சொன்னா, நாளைக்கு வரவங்கள வேணான்னுட்டேன். பொண்ணு உனக்குத்தான் மாப்ள, இனிமே இவன் பேச்சைக் கேக்கற வேலையும் உனக்குத்தான்.”