அவரு வாரதுக்குள்ள

கிணத்துக்கடவில் போன வீட்டிலெல்லாம் பியூலாவின் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். கடைசி வீட்டு அம்மா மட்டும் அவள் கையிலிருந்த இயேசு படம் போட்ட துண்டுப்பிரதியைப் பார்த்ததும் தெருவை இருபக்கமும் நோட்டம் விட்டார்.

"வெரசா உள்ள வாங்க அம்மணி. எங்க ஊட்டுக்காரரு வாரதுக்குள்ள போயிருங்க."

பியூலா உள்ளே நுழைந்தாள். வீடு வீடாகப் போகும் ஊழியத்தில் அவளுக்கு இன்றுதான் முதல் நாள். இயேசு நம் பாரத்தைச் சுமப்பார் என்று அவசர அவசரமாகச் சொன்னாள். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ராத்திரி தூக்கமே இல்லீங்க. மனசு படபடன்னு அடிச்சுக்குது. எனக்காக ஜெபம் பண்ணுங்க. ஆர்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

பாதி ஜெபத்தில் வாசலில் பைக் வந்து நின்றது. இருவரும் பதறி எழுந்தார்கள்.

உள்ளே வந்தவரின் அக்குளில் பைபிள் இருந்தது. "ஸ்தோத்திரம் சிஸ்டர். எந்த சபைங்க?"

பியூலா திகைத்துப்போய் அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"இந்த ஊர் சபைக்கு இவருதாங்க பாஸ்டர்," என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாஸ்டர் சம்சாரத்துக்கே விசுவாசம் இல்லையான்னு கேப்பாங்கன்னுதான் மறைச்சேன். எல்லாரும் ஜெபம் கேட்டுத்தான் இங்க வாராங்க. எனக்கு ஜெபம் பண்ண வந்த மொத ஆளு நீங்கதாங்க."