வாயால் சொல்ல வேண்டிய பெயர்

"பத்தினிங்க கிராணி, பத்தினி! இருபத்தஞ்சு வருஷமா என் பேரை வாயால சொன்னதில்ல!" என்று ஆபிஸ் மேசையைத் தட்டினான் காளியண்ணன்.

பக்கத்தில் அவன் மனைவி வடிவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். தேயிலைக் கொழுந்து மலையிலிருந்து நேராக வந்திருந்ததால் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அம்புரோஸ் பேனாவை மூடி வைத்தார். "பத்தினியா இருக்கட்டும்லா, நான் வேணாம்னா சொன்னேன்? ஆனா பேரைச் சொன்னாத்தான் உனக்குக் கப்பல்."

விஷயம் இதுதான். இருபத்தைந்து வருஷம் கொழுந்து கிள்ளியதற்காக வடிவம்மாளை இந்தியாவுக்கு அனுப்பி வைக்கிறேன் என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். பினாங்கில் ஏறினால் நாகப்பட்டினம், மூன்று மாச லீவு. புருஷன் இருந்தால் அவனுக்கும் ஒரு டிக்கெட்.

சம்பாதித்தவள் அவள். ஆனால் 'நான் ஊருக்குப் போறேன், இவளையும் இழுத்துக்கிட்டுப் போறேன்' என்று லயத்து வீடு வீடாகத் தமுக்கடித்தவன் காளியண்ணன். ஆம்பிளை இல்லையா!

இடித்தது காகிதம். புருஷனுக்கும் டிக்கெட் என்றால் கல்யாண சர்டிபிகேட் வேண்டுமாம். இவர்கள் கல்யாணம் முசிறியில் ஒரு மாரியம்மன் கோயிலில் நடந்தது. மஞ்சள் கயிற்றுக்கு எந்தப் பூசாரி சர்டிபிகேட் கொடுத்தான்? அடையாள அட்டையான ஐசியிலோ அவள் அப்பன் பெயர்தான் இருந்தது. கழுத்தில் தாலி கிடந்தும் காகிதத்தில் அவள் இன்னும் கன்னிப்பெண்.

"போன தடவை ஒருத்தன் மச்சினிச்சியைப் பொண்டாட்டின்னு சொல்லிக் கப்பலேறிட்டான்," என்றார் கிராணி. "அதனால துரை கண்டிசனா சொல்லிட்டாரு. சர்டிபிகேட் இல்லைன்னா, இன்னார்தான் என் புருஷன்னு பொம்பளையே என் முன்னால சொல்லணும். நீயும் சொல்லக்கூடாது, நானும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. பன்னண்டு மணி லோரியில காகிதம் தானா ராத்தா டவுனுக்குப் போயாகணும்."

சுவரில் மணி பதினொன்றரை.

"சொல்லிடுவா கிராணி. நாகப்பட்டினத்துல எறங்கினா நேரா முசிறி, எங்கண்ணன் வீடு. மூணு மாசமும் அங்கதான்."

"லால்குடியில இவங்க அக்கா படுத்த படுக்கையா கிடக்காங்கன்னு சொன்னாங்களே?"

"காலையில போய்த் தலையைக் காட்டிட்டு சாயந்தரம் வந்துடலாம்லா. அந்த வீட்டுல எனக்கு மரியாதை கிடையாது. நானும் கை நனைக்க மாட்டேன், இவளையும் நனைக்க விடமாட்டேன்."

கிராணி வடிவம்மாள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. உன் புருஷன் பேரென்ன?"

"ஐயையோ, எப்படிங்க சொல்றது? அவரு ஆயுசு குறைஞ்சிடுமே."

"அடப் போம்மா! என் வீட்டுக்காரி தெரசம்மா நாளைக்கு நூறு வாட்டி அம்புரோசு அம்புரோசுன்னு கத்துறா. நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்துதானே இருக்கேன்?"

"நீங்க வேதக்காரங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

காளியண்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "கல்யாணமான புதுசுல ஒரு தடவை சொல்லிட்டா கிராணி. விட்டேன் பாருங்க ஒரு அறை! அன்னையோட சரி," என்று சிரித்தான்.

கிராணிக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து நிமிஷம் போனது. காளியண்ணனுக்கும் சிரிப்பு போய்விட்டது. "சொல்லேன் புள்ள. நான்தானே சொல்லச் சொல்றேன்."

"மாட்டேங்க. உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் எங்க போவேன்?"

"ஆயுசு போனாப் போவுது, சொல்லித் தொலைடி!"

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். அவன் கெஞ்சினான். கும்பிட்டான். கடைசியில் கையை ஓங்கினான். கிராணி "யோவ்!" என்று எழுந்ததும்தான் இறக்கினான். வெளியே லோரிக்காரன் ஹாரன் அடித்தான். இருபத்தைந்து வருஷமாக மூடி வைத்த வாயை அரைமணியில் திறக்க முடியுமா? பட்டான், நல்லா வேணும்.

"என்னால ஆவாதுப்பா," என்று கிராணி 'கணவர்' என்ற வரியில் ஒரு கோடு போட்டார். "டிக்கெட் ஒண்ணுதான்."

"அப்ப இவளும் போகவேணாம்!"

"அதைத் துரைகிட்ட நீயே போய்ச் சொல்லு."

துரை என்றதும் அவன் தோள்துண்டை இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். வடிவம்மாள் கைநாட்டு வைத்தாள். கிராணி காகிதத்தை உறையில் போட்டு லோரிக்காரனிடம் நீட்டினார். லோரி மலையிறங்கிப் போய்விட்டது.

"பெண்புத்தி பின்புத்தின்னு சும்மாவா சொன்னாங்க!" காளியண்ணன் கதவை எட்டி உதைத்துவிட்டு வெளியேறினான்.

கிராணிக்கு மனசு கேட்கவில்லை. "என்னம்மா நீ, அவன் ஆயுசுக்குப் பயந்து இப்படித் தனியாப் போறியே. பாவமா இருக்கு. ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?"

வடிவம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவன் லயத்துப் பக்கம் திரும்பிவிட்டிருந்தான்.

"காளியண்ணன் கூட வந்தா, நான் எங்கக்கா வீட்டுல எப்படிங்க தங்குறது?"