எட்டு மாதம் நின்ற பைக்

கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்களை வெளியே தள்ளி மில்லைப் பூட்டிய அன்றே மேனேஜர் காவலாளியிடம் சொல்லிவிட்டார். "சங்கத் தலைவியோட பைக் உள்ளே மாட்டிக்கிச்சு. வெளியே விடாதே. பேட்டரி செத்து, துருப்பிடிச்சுப் போகட்டும்."

"சரிங்க சார்."

காவலாளி ஏஜென்சி அனுப்பிய புது ஆள். ஊர் பேர்கூட யாரும் விசாரிக்கவில்லை.

மில்லுக்குக் கரண்டையும் துண்டித்திருந்தார்கள். காவலாளி தன் கைக்காசில் ஒரு சின்ன சோலார் பேனல் வாங்கி, ஷெட் கூரையில் வைத்து, ஒயரை பைக் பேட்டரியில் மாட்டினார். கேட்டுக்கு வெளியே தலைவி தொண்டை கிழியக் கோஷம் போட, உள்ளே இவர் பேனலில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எட்டு மாதம் கழித்துத் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். கேட் திறந்தது. தலைவி நேரே ஷெட்டுக்குப் போய் பட்டனை அழுத்தினார். வண்டி ஒரே அழுத்தில் உறுமியது.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது எப்படிய்யா?"

"நான்தான் சார்ஜ் போட்டேன்." காவலாளி சல்யூட் அடிக்கவில்லை. "சாக விட மனசு வரலை."

"எங்க சம்பளத்தைத் தின்னுட்டு எங்களுக்கே குழி பறிச்சியா? அவ என்ன உனக்கு மாமன் மகளா, அத்தை மகளா?"

காவலாளி தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, தலைவிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"சம்சாரம் சார்."